காலி அறையின் அளவு

ஆளில்லாத அறையைப் பத்து நிமிடம் எடுத்த வீடியோ, அதே அறையில் அவள் நின்று பேசி, பலகையில் எழுதி, எழுதியதை அழித்த பத்து நிமிட வீடியோவைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

கோப்புகளின் பெயர் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். திறந்து பார்த்தாள். மாறவில்லை. பெரிய கோப்பில் இருந்தது வெள்ளைப் பலகை, அதன் கீழே மூடி கழன்ற பேனா, பக்கத்தில் எழுதும் பலகை வைத்த நாற்காலி, பின்னால் வீட்டு உரிமையாளர் அவசரத்துக்குப் பெயிண்ட் அடித்துத் தந்த இளம்பச்சைச் சுவர். பத்து நிமிடமும் அவ்வளவுதான். மூலையில் நேரம் காட்டும் எண் ஓடாமல் இருந்திருந்தால் புகைப்படம் என்றே சொல்லிவிடலாம்.

அவள் வேதியியல் டீச்சர். தலைமையாசிரியரோடு முட்டிக்கொண்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளிக்கூட வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. வாடகை குறைவு என்று இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். உள் அறையைப் பாட அறையாக்கி, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, அதன் நீள வயரைக் கதவுக்கு அடியில் விட்டு ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தாள். ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு முப்பது பாடம் எடுத்துத் தர வேண்டும். இருபத்திரண்டு முடிந்திருந்தது. மீதி எட்டுக்கு மூன்று நாள் கெடு. பாடம் எடுக்க முக்கால் மணி நேரம். எடுத்ததைச் சுருக்கி அனுப்பும் அளவுக்குக் கொண்டுவர அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் அது இழுப்பு வந்தவர் போல இரைத்துக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் போனால் சூடான தூசியின் வாசனை வரும். அப்படியே போனால் மூன்று நாள் எங்கே காணும்? அதனால்தான் நேற்றுத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போடச் சொன்னாள்.

"இனிமே பிராசஸருக்கு ஓய்வு மேடம்," என்றார் அவர், பெட்டியின் பக்கவாட்டைத் திருகி மூடிக்கொண்டே. "வீடியோவச் சுருக்குறதுக்குன்னே இதுக்குள்ள தனியா ஒரு சிப் இருக்கு. அதுக்கான டிரைவர் சாஃப்ட்வேரும் போட்டுட்டேன். நீங்க செட்டிங்ஸ்ல என்கோடர்ங்கிற இடத்துல பிராசஸர எடுத்துட்டுக் கார்டு பேரத் தேர்ந்தெடுத்தாப் போதும். முக்கா மணி நேரப் பாடம் எட்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"அளவு?"

"இத்தன நாளா எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு கட்டி வச்சிருக்கீங்க. அது வேண்டாம். தரத்த மட்டும் சொல்லுங்க, அளவ அதுவே பாத்துக்கும். வீடியோங்கிறது என்ன மேடம், எது அசையுதுங்கிற கதைதானே. சும்மா நிக்கிற சுவத்துக்கு ஒரு வரி எழுதினாப் போதும். ஆடுற கைக்குத்தான் பக்கம் பக்கமா எழுதணும்."

இன்று காலை கணவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவர் சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றி, சோதனைக்கு இரண்டு வீடியோ எடுத்தாள். ஒன்றில் அவள். இன்னொன்றில் யாருமில்லை. யாருமில்லாததைப் பற்றித்தான் அந்த சிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஃபேன் ஓடுதா?"

"இல்ல."

"ஜன்னல்ல துணி கிணி ஆடுதா?"

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்ல."

"டியூப்லைட்டு?"

"எரியுது."

"அப்ப அதுதான். நம்ம கண்ணுக்குத் தெரியாமத் துடிக்கும், கேமராவுக்குத் தெரியும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியா வரும், சிப்பு அதையும் அசைவுன்னு எண்ணிக்கும். சின்னதா ஒரு புரோகிராம் அனுப்பறேன். அதுல போட்டுப் பாருங்க, எங்கெங்க அசைவுன்னு எண்ணியிருக்கோ அங்கெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டும். டியூப்லைட்டுன்னா அம்பு கண்டபடி நாலா பக்கமும் தெறிக்கும்."

அந்தப் புரோகிராம் வந்து சேர மதியமாகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை ஒன்றின் மேல் எங்கோ விழுந்து விழுந்து அது எழுப்பிய சத்தத்தில் தெருவின் மற்ற சத்தங்களெல்லாம் அடங்கிப் போக, அவள் முதலில் தன் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். பச்சை அம்புகள், அரிசியின் நீளம்கூட இருக்காது. கை போகும் பக்கமெல்லாம் மீன் கூட்டம் போல அவையும் திரும்பின. உதட்டில் நாலைந்து, மூச்சு விடும்போது தோளில் இரண்டு. அவளைச் சுற்றியிருந்த சுவரில் ஒன்றுகூட இல்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

பிறகு காலி அறையைப் போட்டாள்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடத்தில் நாற்காலிக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஏழெட்டு அம்புகள் முளைத்தன. தெறிக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம், மேல் நோக்கி. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஏழெட்டு. இரண்டும் இரண்டு தண்டுகளாக ஏறி, ஓரிடத்தில் சேர்ந்து, அகன்று, இரு பக்கமும் கிளை விட்டு, மேலே ஒரு சின்ன உருண்டைக் கூட்டமாக முடிந்தன. எறும்பு அப்படி ஏறாது. டியூப்லைட் அப்படித் துடிக்காது. அம்புகளுக்கு நடுவே இளம்பச்சைச் சுவர், அதில் பெயிண்ட் தூரிகை இழுத்த கோடுவரை, தெளிவாகத் தெரிந்தது.

அது நின்றது. பேருந்துக்குக் காத்திருப்பவர் கால் மாற்றி நிற்பதைப் போல ஒருமுறை இடப் பக்க அம்புகள் சாய்ந்தன, பிறகு வலப் பக்க அம்புகள்.

ஏழாவது நிமிடத்தில் வீடியோவில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவளுக்கு நினைவிருந்தது. காலையில் அந்த நேரத்தில் ஹாலில் அவள் கை பட்டு டம்ளர் விழுந்தது. சத்தம் வந்த அதே நொடியில் உருண்டைக் கூட்டத்தின் அம்புகள் மொத்தமும் கதவுப் பக்கம் திரும்பின.

அவள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அடியில் வயர் நுழையும் இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகு நேரம். கோடு நடுவில் எங்கும் மறையவில்லை. மறையாதது ஆறுதலாக இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே எழுந்து வெளியே போயிருப்பார்கள். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் கட்டிப்போட்டவை அந்த இருபத்திரண்டு பாடங்கள். சுருக்காத மூல வீடியோக்கள் தனி டிஸ்க்கில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கார்டுக்குக் கொடுத்தாள். ஒன்றுக்கு எட்டு நிமிடம், கடைக்காரர் சொன்ன கணக்கு அச்சுப் பிசகவில்லை. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கட்டி வைத்திருந்ததால் எதுவும் தெரியாமலே போயிருந்தது. இப்போது கோப்புகள் ஒன்றைவிட ஒன்று பெருத்துக்கொண்டே வந்தன.

முதல் பாடத்தில், அணுவின் அமைப்பை அவள் விளக்கிக்கொண்டிருக்க, அம்புகள் அறையின் கோடி மூலையில் இருந்தன. ஆறாவது பாடத்தில் சுவரின் பாதி தூரம். பதினொன்றில் நாற்காலிக்குப் பக்கம். பதினாறில் அவளுடைய முதுகுக்கு நேர் பின்னால், அவள் பலகையின் இடப் பக்கம் போனால் இடப் பக்கம், வலப் பக்கம் வந்தால் வலப் பக்கம். அமிலம், காரம் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைக்கு ஒரு சாண் மேலே அந்த உருண்டைக் கூட்டம், குனிந்து.

இருபத்திரண்டாவது பாடத்தின் நடுவில் தலை சுற்றியது என்று அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிடாததால் வந்தது என்று அன்று நினைத்தாள். வீடியோவில், அவள் உட்கார்ந்ததும் அம்புகள் பின்னாலிருந்து அவள் மேல் கவிழ்ந்தன. சட்டைக்குள் கை விடுவதைப் போல ஒரு கூட்டம் அவளுடைய வலக் கைக்குள் இறங்கியது. அந்தக் கை மெதுவாக உயர்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தது. அப்படி மடக்கியதாக அவளுக்கு நினைவே இல்லை. வீடியோவில் அவள் முகம் கையைப் பார்க்கவுமில்லை. கேமராவைப் பார்த்தபடி, வாயைக் கொஞ்சம் திறந்து, சும்மா இருந்தது. பிறகு வெளியே ஏதோ ஹாரன் அடிக்க, அவள் உலுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எழுந்துவிட்டாள். அதனால்தான் இப்போது இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காலி அறைக் கோப்பை மட்டும் கடைக்காரருக்கு அனுப்பினாள். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் நேற்றைய விளையாட்டு இல்லை.

"மேடம், அது டியூப்லைட் இல்ல."

"தெரியும்."

"சார் வந்துட்டாரா?"

"ஏழு மணிக்குத்தான்."

"அதுவரைக்கும் வெளிய வந்து உக்காருங்க."

"மழை கொட்டுது."

"நனைங்க," என்றார். வைத்துவிட்டார்.

அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்தபோது கணவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அச்சகத்தில் மின்சாரம் போய்விட்டதாம், சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். இதையும் அவளிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி விட்டபடி வாசல் நிலையிடம் சொன்னான். நான்கு மாதமாக அவன் பேச்செல்லாம் இப்படித்தான், ஜாடை. சுவரிடம், காலண்டரிடம், தட்டிலிருக்கும் சோற்றிடம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அச்சு மையின் காரமான வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது.

"வீட்ல மனுஷங்க இருக்காங்களா, இல்ல எல்லாரும் சினிமா நட்சத்திரம் ஆயிட்டாங்களா," என்றான் ஹாலைப் பார்த்து. "ஒரு லைட்டுகூடப் போடல."

அவள் சொன்னாள். முதலிலிருந்து, கார்டு, அளவு, அம்பு, முதுகுக்குப் பின்னால் குனிந்தது. கை விரல் மடங்கியதை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

"வேலைய விட்டாச்சு. மூளையும் சேந்து ராஜினாமா குடுத்துருச்சு போல."

"வந்து ஒரு தடவ பாருங்க."

"என்னத்தப் பாக்கறது. ஒரு அறைய ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, பேய் வாடகைக்கு இருக்காம். நான் போய் உக்காரறேன். டீச்சரம்மா இங்கருந்து பாத்துச் சொல்லட்டும்."

உள் அறைக் கதவை அவன் தள்ளினான். ஈரச் சுண்ணாம்பின் வாசனை வெளியே வந்தது.

அந்த நாற்காலியில் மட்டும் உட்காராதீங்க. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயையும் திறந்தாள்.

"பயமா இருந்தா," என்றான் அவன், கதவைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தே, "பள்ளிக்கூடத்துலருந்து ஓடி வந்த மாதிரி இங்கருந்தும் ஓடிடலாம். ஓடறதுதான் கை வந்த கலையாச்சே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"போய் உக்காருங்க."

கேமராவின் படத்தை நேரடியாகக் கார்டு வழியே விட்டு, அம்புக்குறியோடு திரையில் வரும்படி வைத்தாள். உள்ளே நடப்பது திரைக்கு வர இரண்டு விநாடி தாமதமானது. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் முதலில் கேட்டது, அதன் பிறகுதான் திரையில் அவன் உட்கார்ந்தான். உடம்பு முழுக்க அம்பு. கையை ஆட்டினான். நாக்கை நீட்டினான். நனைந்த நெஞ்சு ஏறி இறங்க, அதன் மேல் சின்னச் சின்ன அம்புகளும் ஏறி இறங்கின. பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது.

"என்ன, வந்தாச்சா விருந்தாளி?" என்றான் உள்ளேயிருந்து.

ஒன்றுமில்லை என்று சொல்லலாம், எழுந்து வாருங்கள் என்று சொல்லலாம். அவள் பதில் சொல்லவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருக்கட்டும் என்று மனதின் ஏதோ ஓர் இருட்டு மூலை நினைத்தது. கொஞ்ச நேரம்தான். பயம் என்றால் என்னவென்று தெரியட்டும்.

தரையோரத்தில் ஏழெட்டு அம்புகள்.

இந்த முறை அது நின்று காத்திருக்கவில்லை. ஏறியது. குனிந்தது. கவிழ்ந்தது. அவனுடைய அம்புகள் எவை, அதன் அம்புகள் எவை என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் குழம்பின. ஒரு கணம் நாற்காலி முழுக்கப் பச்சையாகக் கொதித்தது.

"எழுந்து வாங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எழுந்து வந்துருங்க."

திரையில் அவன் எழுந்தான்.

அம்புகள் எழவில்லை.

அவை நாற்காலியிலேயே இருந்தன. காலியான நாற்காலியில், உட்கார்ந்த வடிவில்.

கதவு திறந்தது. காலடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான்.

நான்கு மாதத்தில் அவளைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. குரல் அவனுடையதுதான். அதில் முள் இல்லை.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. எவ்வளவு நேரமா இதையே பாத்துட்டு இருக்க. எந்திரி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

தோளில் கை விழுந்தது. விழுந்தது தெரிந்தது, ஆனால் கனம் இல்லை. துணியைப் போட்டதைப் போல இருந்தது. மையின் வாசனை வரவில்லை. ஈரச் சுண்ணாம்பு.

திரையில் நாற்காலியின் மேல் பக்கம், தோள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு கூட்டம் அம்புகள் முன்னால் பாய்ந்து, பின்வாங்கி, மறுபடி அதே இடத்துக்குப் பாய்ந்தன. மூடிய கதவை உள்ளேயிருந்து தட்டுபவரின் கைகள். இரண்டும் கேமராவை நோக்கி. அவளை நோக்கி.

"இன்னொரு தடவ," என்றாள். "இன்னொரு தடவ உள்ள போய் நிக்கறீங்களா? சரியாப் பாக்கணும்."

"நிக்கறேனே," என்றான் உடனே. "நீ சொன்னா நிக்க மாட்டேனா."

போனான். திரையில் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, சிரிப்பு. சிரித்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி மெதுவாக ஆட்டினான், தூரத்தில் நிற்கும் பிள்ளைக்குக் காட்டுவதைப் போல.

அவன் மேல் ஓர் அம்புகூட இல்லை. கையில் இல்லை. உதட்டில் இல்லை. நெஞ்சில் இல்லை.

பக்கத்தில் நாற்காலி தட்டிக்கொண்டேயிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டால் யார் திரும்புவார்கள் என்று தெரியவில்லை.

அம்புகள் குறையத் தொடங்கின. கால்கள் போயின. இடுப்பு. ஒரு கை. இன்னொரு கை மட்டும் பாய்ந்தது. மறுபடி. இன்னொருமுறை, பாதி தூரம். தலை இருந்த இடத்தில் நான்கு. இரண்டு. நெஞ்சு இருந்த இடத்தில் ஒன்று. அதுவும் சுருங்கி, புள்ளியாகி, இல்லாமல் போயிற்று.

இப்போது அந்த அறையில் அசைவது எதுவுமே இல்லை என்றது திரை. பலகை, பேனா, நாற்காலி, சுவர். பத்து நிமிடம் எடுத்தால் ஒரு வரி போதும்.

சிரித்துக்கொண்டிருந்தவன் கைகளைக் கீழே இறக்கி, கதவுப் பக்கம் திரும்பினான். திரையில் ஓர் அம்பும் முளைக்கவில்லை. ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும் ஹாலுக்குள் வந்து, அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றது.